மூன்றாம் கியரில் அறுபத்தைந்து

ஐம்பதில் ஒன்றுமில்லை. ஐம்பத்தைந்திலும் இல்லை. மூன்றாவது கியரில் அறுபதைத் தொடும்போதுகூட என்ஜின் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கிறது, அறுபத்தைந்தில்தான் அது வரும், வந்தால் வரும், ஒரு நொடி, ஒன்றரை நொடி, கால் அழுத்திக்கொண்டே இருக்கும், வண்டி மட்டும் முன்னால் போகாமல் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், பிறகு திக்கித் திக்கி இழுக்கும். அல்லது கால் அழுத்திக்கொண்டே இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருப்பேன். இதுதான் விவகாரம். இதைக் கண்டுபிடிக்கத்தான் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, சாப்பிட்ட சாப்பாடு நெஞ்சிலேயே நிற்க, உடுமலையிலிருந்து பல்லடம் ரோட்டில் இருபத்தேழு வருஷத்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். பக்கத்தில் என் மனைவி ருக்மணி. நீ வரவேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். வலது கை மடியில் கிடக்கிறது, உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டில் தகடு வைத்துத் தைத்த தழும்பு இன்னும் சிவப்பு மாறாமல். முப்பது வருஷம் தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்த கை. இப்போது கத்தரிக்கோலைப் பிடித்தால் விரல் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அதற்கு நான்தான் காரணம் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டு மனசை ஆற்றியிருக்கலாம். அவள் சொன்னது வேறு. மகள் சுகந்தியிடம் சொன்னது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நான் திரைக்கு இந்தப் பக்கம் நிற்பது தெரியாமல். “அப்பா தூங்குல கண்ணு. முழிச்சுட்டுத்தான் இருந்தாரு. ஆனா ஒரு நிமிசம் அப்படியே நின்னுட்டாரு. என்ன பண்றதுன்னே தெரியாதவராட்டம் உக்காந்துட்டாரு.” அன்றிலிருந்து எனக்கு ராத்தூக்கம் போயிற்று. சுகந்தி அழுகிற ஜாதி இல்லை, காரியக்காரி, கோயம்புத்தூரில் நரம்பு டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டாள், வியாழக்கிழமை பத்தரை மணி. சும்மா ஒரு செக்கப்தாம்ப்பா என்றாள். அந்தச் ‘சும்மா’வில்தான் எல்லாம் இருந்தது. நானும் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன், வியாழக்கிழமைக்குள் கோளாறு வண்டியில்தான் என்று காட்டுகிறேன், காட்டாவிட்டால் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு நீ சொல்கிற டாக்டரிடமெல்லாம் வருகிறேன் என்று. இன்று செவ்வாய். நாளை ஒரு நாள் இருக்கிறது.

முன்னால் கோழித்தீவன லாரி ஒன்று போகிறது, தார்ப்பாய் ஒரு மூலையில் அவிழ்ந்து படபடக்கிறது, எதிரே பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு பைக், பொறு, பொறு. அன்றைக்கும் இதே ரோடுதான். கார்த்திகை மாசம், பல்லடத்தில் கல்யாணம், தேங்காய்மட்டை ஏற்றிய லாரி, ரோடு நேராக அரை மைலுக்குக் காலியாகக் கிடந்தது, நான் நன்றாகத்தான் பார்த்தேன், பார்க்காமல் ஒரு நாளும் வலப்பக்கம் ஏறியவன் இல்லை. மூன்றாவது கியருக்கு இறக்கி அழுத்தினேன். வண்டி ஏறியது, லாரியின் பாதி வரை வந்தது, டிரைவர் கதவில் எழுதியிருந்த பெயரைப் படிக்கிற தூரம், அங்கே நின்றுவிட்டது. நிற்கவில்லை, நின்ற மாதிரி. சத்தம் அடைத்துப்போயிற்று. எதிரே ஒரு பஸ் வெள்ளையாக முளைத்துப் பெரிசாகிக்கொண்டே வந்தது. நான் அழுத்தினேன். அழுத்தினேனா? அழுத்தினேன் என்று கால் சொல்கிறது, கால் சொல்வதை யார் எழுதி வைத்தார்கள். லாரி முன்னால் நகர்ந்து போயிற்று, அதன் பின்பக்கத்தை உரசுகிற மாதிரி இடது பக்கம் ஒடித்தேன், சக்கரம் தார் விளிம்பிலிருந்து இறங்கி, வாய்க்கால் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதியது. ருக்கு வலது கையை முன்னால் ஊன்றிக்கொண்டாள். மட்டை முறிகிற சத்தம் கேட்டது, மட்டைலாரிதான் அதற்குள் தாண்டிப் போய்விட்டதே, அது அவள் கை என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. பாலத்துக்குப் பக்கத்தில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி ஓடிவந்து முதலில் கேட்டது, பெரியவருக்கு மயக்கம் கியக்கம் வந்துடுச்சுங்களா என்றுதான். பெரியவர். அறுபத்துமூன்று வயசு. அந்தப் பாலம் இன்னும் இரண்டு கிலோமீட்டரில் வரும், அதற்குள் ஒரு தடவையாவது அறுபத்தைந்தைத் தொட்டாக வேண்டும்.

மெக்கானிக் அப்பாஸ் பாய் மூன்று வாரமாகப் பார்க்காதது இல்லை. கை சுத்தம் உள்ள மனுஷன், இந்த வண்டி பிறந்ததிலிருந்து அவர் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. பெட்ரோல் ஃபில்டர் மாற்றினார். பெட்ரோல் பம்பைக் கழற்றி பாட்டிலில் பீய்ச்சிக் காட்டினார். பிளக் நாலும் புதுசு, பிளக் ஒயர் புதுசு, காயிலை வேறொரு வண்டியிலிருந்து கழற்றிப் போட்டுப் பார்த்தார், கார்பரேட்டரைப் பிரித்துப் பொடி ஜெட்டைக்கூட விடாமல் ஊதினார், ஏர் ஃபில்டர் அட்டை முன்னமே புதுசு. ஒவ்வொன்றையும் செய்துவிட்டு ஷெட்டில் நிறுத்தியபடியே ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்து அலற விடுவார், என்ஜின் தங்குதடை இல்லாமல் அலறும், அவர் என்னைப் பார்ப்பார். என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தடவை ரோட்டுக்கும் வந்தார். அப்போது ஓட்டியது நான்தான், ஐம்பத்தெட்டிலேயே எனக்குக் கை வேர்த்து காலைத் தூக்கிவிட்டேன். போன சனிக்கிழமைதான் சொன்னார். “வண்டில ஒண்ணுமே இல்லீங்க சார். வயசான வண்டி, நாம பாத்து மெதுவா ஓட்டிக்கிட்டாப் போதும்.” வயசான வண்டி என்று சொல்லும்போது அவர் கண் வண்டியைப் பார்க்கவில்லை. குரலும் அவருடைய குரலாக இல்லை, ஷெட்டில் கெட்ட வார்த்தை இல்லாமல் ஒரு ஸ்பேனர் எடுக்கமாட்டார், என்னிடம் மட்டும் காய்ச்சல்காரனிடம் பேசுகிற மாதிரி பேசினார். சுகந்தி போன் பண்ணியிருப்பாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆத்திரம் வந்தால் எனக்கு இப்போதெல்லாம் வார்த்தை வருவதில்லை, வாயைத் திறந்து, காயிலைத் திருப்பிக் கொடுத்தாச்சா என்று கேட்க நினைத்து, காயிலுக்குப் பெயர் வராமல், அதை, அந்தக் கறுப்பு டப்பாவை என்று கையால் உருண்டை பிடித்துக் காட்டினேன். அவர் தலையாட்டினார், ரொம்ப மரியாதையாக.

பஸ் போயிற்று. பைக் இரண்டும் போயிற்று. இல்லை, இன்னொரு டெம்போ. நூறு. தொண்ணூற்றுமூன்று. எண்பத்தாறு. அந்த டாக்டர்கள் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்களாம், கடிகாரம் வரையச் சொல்வார்களாம், சுகந்தி செல்போனை மேஜையில் வைத்துவிட்டுப் போன ஐந்து நிமிஷத்தில் நானே படித்துத் தெரிந்துகொண்டேன், அன்றிலிருந்து குளிக்கும்போது கழித்துப் பழகுகிறேன். எழுபத்தொன்பது. எழுபத்திரண்டு. அறுபத்தைந்து. பரீட்சைக்குத் திருட்டுத்தனமாகப் படிக்கிறவனுக்குப் பாஸானாலும் என்ன தெரியும். எங்கள் அப்பா யாரும் கழிக்கச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். அவருக்கு மறதி என்று ஆரம்பத்தில் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அவர் எதையும் மறந்ததாகச் சொன்னதே இல்லை. எல்லாவற்றையும் சொல்வார், நிறுத்தி நிதானமாக, சட்டை நிறம், சாப்பிட்ட பலகாரம் வரைக்கும் சொல்வார். தண்ணீர்மோட்டாரை நான் சுவிட்ச் போட்டு எரித்துவிட்டதாகப் பஞ்சாயத்தே வைத்தார், நான் அன்றைக்கு மேட்டுப்பாளையத்தில் வேலையில் இருந்தேன். உன் நீலச் சட்டை ஈரமாயிருந்துச்சே, நான் பாத்தனே என்றார். என்னிடம் நீலச் சட்டையே கிடையாது. பொய் சொன்னால்கூட பரவாயில்லை, அவர் பார்த்ததைத்தான் சொன்னார். அப்போது அவருக்கு அறுபத்துநாலு.

ரோடு காலி. இண்டிகேட்டர். மூன்றாவது கியர். ருக்குவின் இடது கை கதவுப் பிடியைப் பற்றிக்கொள்வதை நான் பார்க்காமலே பார்க்கிறேன். ஐம்பது, ஐம்பத்தைந்து, லாரியின் பின்சக்கரம், தவிடு வாசம், அறுபது, என் வலது கால் கீழே, இன்னும் கீழே, மிதியடி வரை, கட்டைவிரல் ஷூவுக்குள் மடங்குகிற அளவுக்கு, அறுபத்துமூன்று, அறுபத்தைந்து, வந்துவிட்டது. அதேதான். தொண்டையைப் பிடித்த மாதிரி ஓர் அடைப்பு, வண்டி என் முதுகைத் தள்ளுவதை நிறுத்திவிட்டது, ஒன்று, ஒன்றரை, எதிரே தூரத்தில் ஏதோ பளபளக்கிறது, காலை எடுத்தேன், லாரியின் பின்னால் பதுங்கிக்கொண்டேன், நெஞ்சு காதுக்குள் அடிக்கிறது, ஆனால் பிடித்துவிட்டேன், வந்தது, வந்தது அல்லவா. இப்போ தெரிஞ்சுதா ருக்கு, ஒரு நிமிசம் இழுக்காம நின்னுச்சே, தெரிஞ்சுதா என்று கேட்டேன். அவள் கதவுப் பிடியை விடவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“நீங்க காலை எடுத்தீங்களா?”

எடுத்தேன். அடைத்த பிறகு எடுத்தேன். அடைத்த பிறகா? முன்னால் எடுத்ததால்தான் அடைத்ததா? சத்தியம் பண்ணச் சொன்னால் எதன் மேல் பண்ணுவது. ஒரு சாட்சியைக் கூட்டிவந்தேன் என்று நினைத்தால் அவள் எதிர்க்கட்சிச் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறாள், பாவம், அவளும் பார்த்ததைத்தான் சொல்கிறாள். பாலம் வந்துவிட்டது. கைப்பிடிச் சுவரில் எங்கள் வண்டியின் பெயின்ட் இன்னும் ஒரு முழ நீளத்துக்கு இருக்கிறது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. முப்பத்துநாலு வருஷம் மின்வாரியத்தில் ஃபோர்மேன் வரைக்கும் வந்தவன் நான், மழையில் இருட்டில் ஆறு மைல் லைனில் எங்கே கோளாறு என்று தெரியாமல் நிற்கிறபோது ஊரே இருளோ என்று கிடக்கும், எல்லாரும் ஒவ்வொரு கம்பமாக டார்ச் அடித்துக்கொண்டு போவார்கள். நான் போகமாட்டேன். நடுவில் பிரி என்பேன். நடுவில் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் கரன்ட் விடு, ஃபியூஸ் போகாமல் கரன்ட் நின்றால் கோளாறு மறுபாதியில், அந்தப் பாதியை மறுபடி பிரி. நாலு தடவை பிரித்தால் கம்பத்தின் காலடியில் கொண்டுபோய் நிறுத்திவிடும். பாய் கம்பம் கம்பமாகப் போய்விட்டார், நானும் அவர் பின்னாலேயே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். சரி, இப்போது பிரி. ஒரு பக்கம் வண்டி, ஒரு பக்கம் நான். பாய் கையில் அலறுகிறது, என் காலில் அடைக்கிறது, அப்படியானால் கோளாறு என் பாதியில். வியாழக்கிழமை பத்தரை மணி. இல்லை, இரு, அவசரப்படாதே, பிரித்தது சரியா என்று பார். பாய் கைக்கும் என் காலுக்கும் நடுவில் வேறு என்ன மாறுகிறது. அவர் ஷெட்டில், நான் ரோட்டில். அவருக்குச் சுமை இல்லை, எனக்குச் சுமை. அதை அவரும் யோசித்திருப்பார். வேறு என்ன. அவர் நிற்கிறார், நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் பானெட்டைத் திறந்து வைத்திருக்கிறார், குனிந்து கார்பரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே கம்பியை இழுக்கிறார். வாய்க்குள் எப்படிப் பார்ப்பார். வாயின் மேல் ஏர் ஃபில்டர் டப்பா உட்கார்ந்திருக்குமே. அவர்தான் டப்பாவைக் கழற்றி ரேடியேட்டர் மேல் வைத்துவிடுகிறாரே, முதல் காரியமே அதுதான், பூட்டுவது கடைசியில், சாவியை என்னிடம் கொடுப்பதற்கு முன்னால். மூன்று வாரமாக அந்த மனுஷன் மூடி இல்லாத என்ஜினை அலற விட்டுப் பார்த்திருக்கிறார், நான் மூடி போட்ட என்ஜினை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

குடிமங்கலம் நால்ரோட்டுக்கு முன்னால் ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டினேன். காற்றாலைகள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. என்னங்க ஆச்சு என்றாள், ஒண்ணுமில்ல, ஒரு நிமிசம் என்று பானெட்டைத் தூக்கி நிறுத்தினேன். சூடு முகத்தில் அடித்தது. டப்பாவின் மேல் ஒரு காது நட்டு, நாலு கிளிப். நட்டு கையோடு வந்தது, கிளிப் மூன்று எளிதாகக் கழன்றது, நாலாவது நகத்தைப் பெயர்த்தது. மூடியைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டேன், அட்டையையும் போட்டேன், பாய் பார்த்தால் திட்டுவார், தூசி போகும், போகட்டும், ஐந்து நிமிஷத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது. பானெட்டைச் சாத்திவிட்டு உட்கார்ந்து ருக்குவிடம் சொன்னேன், ரோட்டைப் பார்க்காதே, என் காலைப் பார், எடுத்தால் சொல். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், பிறகு குனிந்து என் காலைப் பார்த்தாள். பெண்டாட்டி தன் காலைப் பார்த்துக்கொண்டிருக்க வண்டி ஓட்டுவது எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. ரோடு இரண்டு பக்கமும் காலி. மூன்றாவது கியர். மூடி இல்லாததால் காற்றை உறிஞ்சுகிற சத்தம் காட்டுத்தனமாக வந்தது. ஐம்பத்தைந்து. அறுபது. அறுபத்தைந்து என்பது எப்போது வந்து எப்போது போனது என்றே தெரியவில்லை, எழுபது, எழுபத்தெட்டு, முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, வண்டி பதினெட்டு வயசுப் பையன் கணக்காகப் பறந்தது. இந்தத் தடவை காலை எடுத்தது நான்தான், வேண்டுமென்றே, சந்தோஷம் தாங்காமல். எடுத்தனா என்றேன். அவள் நிமிர்ந்தாள். எடுக்கவே இல்லீங்களே என்றாள். அவள் குரல் மாறியிருந்தது.

திருப்பி அதே வேப்பமரத்தடிக்கு வந்து மறுபடி பானெட்டைத் தூக்கினேன். இனிமேல் பாக்கி ஒரே ஒரு கம்பம்தான். மூடி போட்டால் காற்று எந்த வழியாக வரும், டப்பாவின் மூக்கிலிருந்து ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஓடுகிற கறுப்பு பைப் வழியாக. அதை யாரும் கழற்றுவதில்லை, அதில் கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. டப்பா பக்கத்து முனையைப் பிடுங்கி விரலை விட்டேன். ஒன்றுமில்லை. இன்னும் உள்ளே, வளைவுக்குள், நடுவிரல் நுனியில் பஞ்சு மாதிரி ஏதோ பட்டது. இரண்டு விரலால் இடுக்கி இழுத்தேன், வந்தது, வந்துகொண்டே இருந்தது, ஒரு சாண் துணி, எண்ணெயும் தூசியும் ஏறிக் கறுத்துப்போய். மெதுவாகப் போகிறபோது வளைவில் ஒதுங்கிக் கிடக்கும், என்ஜின் வேகமாக உறிஞ்சினால் எழுந்து போய் வாயை அடைக்கும், மூச்சு முட்டும், காலை எடுத்தால் மறுபடி ஒதுங்கிக்கொள்ளும். இவ்வளவுதான். நான் இல்லை. என் கால் இல்லை, என் தலை இல்லை, நான் இல்லை, நான் இல்லை. வாய்விட்டுச் சொல்லியிருப்பேன், பானெட் மறைத்துக்கொண்டிருந்ததால் அவளுக்கு என் முகம் தெரிந்திருக்காது. துணியின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தேன், கறுப்புக்கு அடியில் பச்சை, பச்சையில் வெள்ளைத் தையல், ஜாக்கெட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற லைனிங் துணி. ருக்குவின் தையல் மிஷினுக்குக் கீழே கூடையில் கிடப்பது. உடனே எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு முதல் நாள், வாசலில் வண்டி, அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓஸ் பைப்பால் அடித்துக் கழுவுகிறாள், என்ஜினுக்கும் தண்ணீர் காட்ட வேண்டும் என்கிறாள், தண்ணீர் உள்ளே போகாமல் அந்த பைப் வாயில் எதையாவது திணித்துக்கொள் என்று நான் சொல்கிறேன், அவள் பச்சைத் துணியைச் சுருட்டி ஈர வளையலோடு கையைக் கிரில்லுக்குள் விடுகிறாள். அப்புறம் சந்தனம், குங்குமம், மாலை, டயருக்கடியில் எலுமிச்சம்பழம், துணியை யார் நினைத்தார்கள். அவள்தான். அவளேதான். என்னை வாயைத் திறக்க முடியாமல் பண்ணி, சொந்த மகளிடம் என்னை மூளை கெட்டவன் என்று நிறுத்தி, எருமைக்காரி வரைக்கும் பெரியவர் என்று கூப்பிட வைத்து, எல்லாம் இவள் மறந்த ஒரு சாண் துணி. எனக்கு வந்த கோபத்தில் பானெட்டை அறைந்து சாத்தி அதை அவள் மடியில் எறிந்திருப்பேன்.

எறியவில்லை. பானெட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு வழியாக அவள் மடி தெரிந்தது, மடியில் அந்தக் கை. இதைச் சொன்னால் நான் ஜெயித்தேன், சுகந்தி தோற்றாள், சரி. ஆனால் இவள்? தன் கையைத் தானே முறித்துக்கொண்டேன் என்று மீதி வாழ்நாள் பூராவும் நினைத்துக்கொண்டிருப்பாள், சொல்லமாட்டாள், நினைப்பாள். இரண்டு மாதம் நான் அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன், அது என்ன சுகம் என்று எனக்குத் தெரியும். வேண்டாம். மறதி என் கணக்கிலேயே இருக்கட்டும், ஒரு துணியை எடுக்க மறப்பது ஊரில் எல்லாரும் மறப்பதுதான், வண்டியில் கோளாறு இருந்தது என்பது ருசுவாகிவிட்டது, எனக்கு அது போதும். என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பானெட்டைச் சாத்திவிட்டு அவள் பக்கத்து ஜன்னலுக்குப் போய்த் துணியைக் காட்டினேன், ஏர் பைப்புக்குள் கிடந்தது, இதுதான் வேகத்தில் அடைத்திருக்கிறது என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, அலட்சியமாக, ஆயுத பூஜைக்குக் கழுவுறப்ப நான்தான் வெச்சிருப்பேன் போல, எடுக்க மறந்துட்டேன் என்றேன். அவள் இடது கையால் துணியை வாங்கி ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஆமாங்க. நீங்கதான வெச்சீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பரவாயில்லையே, கொடுத்ததும் வாங்கிக்கொண்டாளே என்று. அவள் அதைச் சொன்ன விதத்தில் குற்றமோ தந்திரமோ எதுவும் இல்லை. “சுகந்திக்கு அப்பன்டிஸ் ஆபரேசன்னு நான் பத்து நாள் கோயம்புத்தூர்ல இருந்தன்ல. பூசைக்கு நீங்க மட்டும்தான வீட்டுல. வண்டியக் கழுவியாச்சு, உன்ற லைனிங் துணில ஒண்ணு எடுத்துட்டேன், வந்து வையாதேன்னு போன்ல சொன்னீங்க. எந்தத் துணின்னு கேட்டதுக்குப் பச்சைன்னீங்க.”

நான் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஈர வளையல். செருகிய சேலை. அவள் முகத்தில் தெறித்த தண்ணீர்கூட எனக்கு இப்போதும் தெரிகிறது, ஒவ்வொரு துளியும் தெரிகிறது. அது எந்த வருஷம். அவள் இல்லாத வீட்டில் அந்தப் பத்து நாளும் நான் ஓட்டல் இட்லி வாங்கித் தின்றது உண்மை, சுகந்தியின் ஆபரேஷன் உண்மை, ஆயுத பூஜையன்று வெண்பூசணியை நானே தனியாக உடைத்து வழுக்கி விழப்பார்த்ததும் உண்மை, அது நினைவிருக்கிறது, அப்படியானால் முதல் நாள் ஓஸ் பைப்பை யார் பிடித்தது. யாரும் இல்லை, நான்தான். நான் அந்தத் துணியைச் சுருட்டியது மட்டும் எங்கே தேடினாலும் இல்லை. அந்த இடத்தில் அவள் நின்றுகொண்டிருக்கிறாள், வளையலோடு, என் அப்பா பார்த்த நீலச் சட்டை மாதிரி. லைனில் வேலை முடிந்தால், ஆள்மேல் ஷாக் அடிக்காமலிருக்க மாட்டிய எர்த் ராடு ஒவ்வொன்றையும் எண்ணி எடுத்தாலொழியக் கரன்ட் விடக்கூடாது, முப்பத்துநாலு வருஷத்தில் ஒன்றைக்கூட நான் மறந்து விட்டதில்லை, இரண்டு பேரை அதற்காக சஸ்பெண்டே பண்ணச் சொல்லியிருக்கிறேன். பயமாக இருந்தது. அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி என் பக்கத்தில் நின்றாள். நான் எதற்காக அப்படி நிற்கிறேன் என்று அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ, முப்பத்தைந்து வருஷம் கூட இருந்தவள், நான் ஜன்னலைப் பிடித்திருந்த விதமே அவளுக்குப் போதும். துணியை நாலாக மடித்தாள், ஒரு கையால் மடிக்க வராமல் இடுப்போடு வைத்து அழுத்தி மடித்தாள். அன்னிக்குச் சுகந்திகிட்ட உங்களைத் தப்பாச் சொல்லீட்டேன் என்றாள், வண்டி நின்னதை நீங்க நின்னதா நினைச்சுட்டேன் என்றாள். பிறகு ரோட்டில் யாருமே இல்லாதபோதும் குரலைத் தாழ்த்தினாள்.

“சுகந்திகிட்ட இதை நான் வெச்சேன்னே சொல்லிக்கலாங்க.”

நான் அவளுக்காகச் சொன்ன அதே மாதிரிப் பொய், இப்போது எனக்காக. சாவி என்னிடமே இருக்கும், வியாழக்கிழமை வீட்டிலேயே இருக்கலாம், யாருக்கும் எதுவும் தெரியாது. சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது, உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் பாதி சொல்லியும்விட்டேன். ஆனால் அடுத்த தடவை என்ன துணியோ, எந்தக் குழாயோ, கேஸ் அடுப்போ, இவளுக்குப் பாக்கி இருக்கிறது ஒரு கை.

“வேண்டாம் ருக்கு. நான் வெச்சேன்னே சொல்லு. நீ வெச்சதாத்தான் எனக்கு ஞாபகம் இருந்துச்சுன்னும் சொல்லு. வியாழக்கிழமை போலாம்.”

அவள் மடித்த துணியை முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் அட்டையையும் மூடியையும் எடுத்துவந்து பூட்டினேன், பைப்பைச் செருகினேன், நாலு கிளிப்பையும் மாட்டிவிட்டு மறுபடி ஒன்று இரண்டு மூன்று நாலு என்று தொட்டுப் பார்த்தேன், அவளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், அவள் சூட்டுக்குப் பயந்துகொண்டே தொட்டுப் பார்த்தாள். பெல்ட்டை இழுத்துக் குத்த அவளுக்கு வலது கை வரவில்லை, நான் குத்திவிட்டேன். வண்டியைத் திருப்பி உடுமலைப் பக்கம் விட்டேன். நாற்பதில் போனேன், நாற்பதற்கு மேல் போக எனக்கு மனசில்லை. கொஞ்ச தூரத்தில் மக்காச்சோளத்தட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஆடிக்கொண்டே போயிற்று, அதன் பின்னாலேயே ஊர்ந்தேன், தட்டின் காய்ந்த சோகை பறந்து கண்ணாடியில் ஒட்டியது, ஒரு மைல், ஒன்றரை மைல். வழியில் பாலம் வந்தது, போயிற்று. ருக்கு கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எதிரே வெகுதூரம் பார்த்தாள், நிதானமாகப் பார்த்தாள், ஊசியில் நூல் கோக்கும்போது பார்ப்பதைப் போல.

“ஒரு வண்டியும் இல்லீங்க. தாண்டிப் போங்க.”

மூன்றாவது கியருக்கு இறக்கினேன்.